தோல் அல்லாத உறவு

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில், நான் பெரிதும் மதிக்கும் கவிஞர் ஒருவரிடம் ஒரு யோசனையை முன்வைத்தேன். அடுத்த கூட்டத்தைத் தைவான் சிறுகதைகளுக்கென ஒதுக்கலாமே என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஏன் சார், உளுந்தூர்பேட்டைக்குச் செருப்புக் கம்பெனி வருதுங்கிறதுக்காகவா?" என்றார். ஆமாம், அதற்காகத்தான் என்றேன். சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு வழக்கம்போலத் திருக்கோவிலூருக்கும் கபிலர் குன்றுக்கும் மலையமான் காரிக்கும் திரும்பியது. நானும் அதில் கலந்துகொண்டேன். சங்கப் பாடலைப் பற்றிப் பேச அழைத்தால் வர மாட்டேன் என்று சொல்லும் மனவலிமை எந்தத் தமிழாசிரியனுக்கும் இல்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது. இக்கட்டுரை அதற்கான எதிர்வினை.

முதலில் செய்தி. 2023 ஏப்ரல் 17 அன்று, அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் முன்னிலையில், தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனத்துக்கும் தமிழக அரசுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீடு, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை. பொருள்: தோல் அல்லாத காலணிகள். இடம்: உளுந்தூர்பேட்டை சிப்காட். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான இந்த மாவட்டத்தில் அதுவரை தொழில் என்றால் சர்க்கரை ஆலை, நெல் அரவை ஆலை, சின்னசேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலை, மரச்சிற்பம், அவ்வளவுதான். பௌ சென் உலகின் மிகப்பெரிய காலணி ஒப்பந்த உற்பத்தியாளர். நைக்கி, அடிடாஸ் என்று நம் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கும் காலணிகளில் கணிசமான பங்கு இந்தக் குழுமத்தின் ஆலைகளில் தைக்கப்பட்டு ஒட்டப்படுவதுதான்.

இது தனி நிகழ்வும் அல்ல. செய்யாற்றில் ஃபெங் டே பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. பனப்பாக்கத்துக்கு ஹாங் ஃபூ, ஜெயங்கொண்டத்துக்கு டீன் ஷூஸ். திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான், செங்கல்பட்டுப் பக்கம் பெகாட்ரான். வட தமிழகத்தின் மானாவாரி மாவட்டங்களில், கல்லூரி முடித்த பெண்ணும் கல்லூரிக்குப் போகாத பெண்ணும் ஏறும் கம்பெனிப் பேருந்துகளில் ஒரு பகுதி, ஏதோ ஒரு வகையில் தைவானின் தொலைவான தீவு ஒன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. இதை நாம் கவனிக்கவில்லை என்பதுகூட என் குற்றச்சாட்டு அல்ல. கவனித்துவிட்டு, இது நம் விஷயம் அல்ல என்று முடிவு செய்துவிட்டோம் என்பதுதான்.

*

இந்தியாவுக்கும் தைவானுக்கும் இடையே முறையான தூதரக உறவு கிடையாது. 1950-இல் இந்தியா உறவு பூண்டது பெய்ஜிங்கோடு. தைபேயை நாம் 'நாடு' என்று எந்த அரசு ஆவணத்திலும் எழுதுவதில்லை. 1995-இல் தைபேயில் 'இந்தியா-தைபே சங்கம்' என்று ஒன்றைத் திறந்தோம். அவர்கள் தில்லியில் 'தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். விசா கொடுப்பதும் வணிகம் பேசுவதும் இவையே. பெயர் மட்டும் தூதரகம் இல்லை. 2011-இல் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் வந்தது. 2012-இல் சென்னையிலும் அவர்களது மையம் ஒன்று திறக்கப்பட்டது. 2018-இல் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலராக இருந்த இருதரப்பு வணிகம், 2024-இல் 1,000 கோடி டாலரை எட்டிவிட்டது. இத்தனையும் கொடி ஏற்றாமலே.

தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இது புதிய நிலைமை அல்ல. அகப்பாடலில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது மரபு. களவில் எல்லாம் நடக்கும், ஊருக்கும் தெரியும், அலர் எழும், ஆனால் வரைவு மட்டும் தள்ளிக்கொண்டே போகும். தில்லியும் தைபேயும் முப்பது ஆண்டுகளாகக் களவொழுக்கத்தில் இருக்கின்றன. அலர் தூற்றும் வேலையைப் பெய்ஜிங் தவறாமல் செய்துவருகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகள் நன்றாகச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் ஒருத்தி கேட்டாள்: "அப்போ தோழி யாருங்கய்யா?"

பதில் சொல்ல முடியவில்லை. களவில் இருவருக்கும் இடையே நடக்கிறவள், பேசுகிறவள், இற்செறிப்பையும் அன்னையின் ஐயத்தையும் தாங்குகிறவள் தோழி. இந்த உறவில் அந்த இடத்தில் நிற்பவள் ஆலைத் தளத்தில் நிற்கும் பெண். அவளுக்கு ஒரு கூற்றுகூட நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

*

'பண்பாட்டு மையம்' என்று பெயரிலேயே பண்பாடு இருக்கிறதே, அதில் என்ன நடந்தது என்று பார்த்தால், நம் பங்குக்கு நாம் திருவள்ளுவரை அனுப்பியிருக்கிறோம். தைவான் கவிஞர் யூ சி திருக்குறளை மாண்டரினில் மொழிபெயர்த்தார். தமிழக அரசு அதற்கு நிதி வழங்கியது. பாரதியும் பாரதிதாசனும்கூட அவர் வழியாகவே அம்மொழிக்குப் போனார்கள். இது நல்ல காரியம், மெச்சத்தக்கது, ஐயமில்லை. சிலையும் போயிற்று. நாம் எங்கு போனாலும் முதலில் சிலைதான் போகும். ஆனால் எதிர்த்திசையில் என்ன வந்தது? தைவானிலிருந்து தமிழுக்கு வந்த நூல்கள் எவை என்று இக்கட்டுரையைப் படிக்கும் சிற்றிதழ் வாசகர்கள் தங்கள் அலமாரியைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும். லத்தீன் அமெரிக்கா இருக்கும், ரஷ்யா இருக்கும், ஜப்பான்கூட இருக்கும்.

கொடுப்பது மட்டுமே பண்பாட்டு உறவு என்று நினைப்பதில் ஒரு செருக்கு இருக்கிறது. நமக்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு, அவர்களிடம் கற்க என்ன இருக்கிறது என்ற செருக்கு. 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்ததை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! அந்தத் துறைமுகத்துக்கு நேரெதிரே நீரிணையைத் தாண்டினால் தைவான். எழுநூறு ஆண்டுக்கு முன் அங்கே கோயில் கட்டிய தமிழ் வணிகனைப் பற்றி நமக்குத் தெரியும். இன்று அங்கிருந்து இங்கே வந்து இயந்திரம் பூட்டுகிறவன் எந்த ஊர்க்காரன், வீட்டில் என்ன மொழி பேசுகிறான், அவன் பாட்டி எந்த ஆலையில் வேலை செய்தாள் என்பது தெரியாது. தெருவில் பார்த்தால் 'சைனாக்காரன்' என்போம். அவன் நாட்டின் முழு அரசியலும் அந்தச் சொல்லை மறுப்பதில்தான் இருக்கிறது என்பதை அறியாமலே.

அவர்கள் பக்கமும் வாழ்கிறது. 2023 நவம்பரில், இந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் வரப்போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது தைவான் சமூக வலைத்தளங்களில் கிளம்பிய இனவெறிப் பேச்சு அருவருப்பானது. 2024 பிப்ரவரி 16 அன்று தொழிலாளர் இடப்பெயர்வுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர்களது தொழிலாளர் துறை அமைச்சர் சூ மிங்-சுன், தோல் நிறமும் உணவுப் பழக்கமும் தங்களுக்கு நெருக்கமாக இருப்பதால் வடகிழக்கு இந்தியர்களை முதலில் எடுக்கலாம் என்ற பொருளில் ஒரு பேட்டியில் பேசினார். எதிர்ப்பு எழுந்தது. மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தத்தில் காலணிக்குத் தோல் வேண்டாம் என்று எழுதிவிடலாம். ஆளைப் பார்க்கும்போது கண் முதலில் தோலில்தான் போய் நிற்கிறது. நம்மிடம் இந்த நோய் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை நமக்கும் இல்லை. வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளை நம் நகரங்களில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

*

இனி மலைக்கு வருகிறேன்.

கல்வராயன் மலைக்கு வெளிநாட்டு உறவு புதிதல்ல. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். கல்வராயன் மலைக் கடுக்காய்க்குத் தனிப் பெயர் உண்டு. மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்து இறக்கும் காய், ஆவாரம்பட்டையோடு சேர்ந்து தமிழகத் தோல் ஷெட்டுகளின் தொட்டிகளை நிரப்பியது. தென்னிந்தியக் கடுக்காய் கப்பலேறி ஐரோப்பியத் தோல் ஆலைகளுக்கும் போனது. பொறுக்கியவருக்கு அந்தக் கப்பலைப் பற்றி யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் ஆவதற்கு ஒன்றுமில்லை. 1976 வரை அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொண்டு, சுதந்திர இந்தியாவில் கால் நூற்றாண்டுக்கும் மேல் அவர்கள் வரி வாங்கினார்கள், கூலியில்லா வேலை வாங்கினார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. நெருக்கடி நிலையால் நன்மை ஒன்று விளைந்தது என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

அடுத்த அயல் வணிகம் செம்மரம். ஆந்திரத்தின் சேஷாசலம் காடுகளில் செழித்து வளரும் அம்மரத்துக்குப் பெரிய சந்தை சீனம். அங்கே அரண்மனைப் பாணி அறைகலன்களுக்கு அது வேண்டும். வெட்டப் போகிறவர்கள் ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைக்காரர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து ஊர்க்காரர்கள். தரகர் யார், துறைமுகத்தில் வாங்கியவர் யார், எந்த நாட்டில் எந்த மாளிகையில் அந்த நாற்காலி கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தது நாள்கூலி மட்டும்.

ஆக, இரு தொலைதூர நாடுகளுக்கிடையே உறவு வளர்ந்தபோதெல்லாம் இந்த மலை அதில் பங்கெடுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அறியாமல் பங்கெடுத்தது. மலையைப் பற்றி நாடு கேள்விப்படுவது வேறு காரணங்களுக்காக. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகே, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை இல்லை, மருத்துவமனை இல்லை என்று நீதிபதிகள் கேட்டபோது எங்கள் ஊரில் பலரும் வியந்தார்கள். வியந்தவர்களின் வீட்டிலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்து இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே இரண்டு தரப்பு நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்களில் முதலாமவர் உலகமயத்தை எதிர்க்கும் தோழர். அவர் கவிதைகளில் மலை எப்போதும் கன்னிமை கெடாமல் இருக்கும், தேன் சொட்டும், ஆலைப் புகை வந்து அதைக் கெடுக்கும். தோழரே, அந்த மலையில் தேன் சொட்டிய காலத்தில் ஜாகீர்தாரும் இருந்தார். மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் அவள் பெயரில் சம்பளம் ஏறுவது என்பது அற்பமான நிகழ்வல்ல. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுத் திருமணம் செய்துவைக்கப்பட்ட அவள் தாய்க்கும் அவளுக்கும் இடையே விழும் கோடு அது. ஆலை வரக்கூடாது என்று எழுத எனக்கு மனமில்லை; வரட்டும். செம்மரம் வெட்டப் போகும் அண்ணனுக்கு வேறு வழி காட்ட முடியாத நாம், தங்கைக்கு வந்த வழியை அடைக்க எந்த அருகதையும் இல்லாதவர்கள்.

இரண்டாமவர் என் கல்லூரியிலேயே இருக்கிறார், வணிகவியல் துறை. அவருக்கு 2,302 கோடி என்ற எண் போதும். "நீங்க தமிழ்க்காரங்க எதுக்கெடுத்தாலும் அழுவீங்க" என்பார். அவரோடுதான் எனக்குக் கூடுதல் வழக்கு. ஏனென்றால் அவர் கணக்குக்காரர், ஆனால் கணக்கில் பாதியை மட்டும் பார்க்கிறார்.

மீதிப் பாதி இது. பௌ சென் 1969-இல் தைவானின் சாங்ஹுவாவில் சிறிய ஆலையாகத் தொடங்கியது. அங்கே கூலி உயர்ந்தது. 1980-களின் இறுதியில் சீனத்துக்குப் போனது. 1990-களில் இந்தோனேசியா, வியட்நாம். சீனத்தில் 2014 ஏப்ரலில் டோங்குவான் நகரின் யூ யுவான் ஆலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். யூ யுவான் பௌ சென்னின் துணை நிறுவனம். சமூகக் காப்பீட்டுக்கும் வீட்டு நிதிக்கும் சட்டப்படி செலுத்த வேண்டிய தொகை முழுமையாகச் செலுத்தப்படவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு வியட்நாமின் ஹோ சி மின் நகரில் பௌ யுவென் ஆலைத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் தெருவுக்கு வந்தார்கள். இம்முறை எதிர்ப்பு நிறுவனத்தை நோக்கியது அல்ல. சமூகக் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றிய அரசை நோக்கியது. அரசு இறங்கிவந்தது. 2023-இல், மேற்கத்திய நாடுகளில் காலணி வாங்குவோர் குறைந்தபோது, அதே ஆலை ஏறத்தாழ 6,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஆண்டுதான் நம்மோடு ஒப்பந்தம். ஹோ சி மின் நகரில் வேலையிழந்தவளின் இடத்துக்கு உளுந்தூர்பேட்டைக்காரி போகிறாள் என்று எளிமைப்படுத்த மாட்டேன். ஆனால் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். நகர்ந்துகொண்டே இருப்பது இத்தொழிலின் இயல்பு. நம்மிடம் வந்தது போல ஒரு நாள் நம்மை விட்டும் போகும். 12 ஆண்டுத் திட்டம் என்று எழுதியவர்களுக்கு 13-ஆம் ஆண்டைப் பற்றியும் ஒரு வரி எழுதத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் வணிகவியல் நண்பருக்கு நினைவூட்டுவேன். ஒப்பந்தம் கையெழுத்தானது ஏப்ரல் 17. ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்தச் சட்ட முன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஒரு நாளைக்குப் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் திருத்தம். இதனால் பயன்பெறும் துறைகள் என்று அரசுத் தரப்பில் சுட்டப்பட்டவற்றுள் மின்னணுவும் தோல் அல்லாத காலணியும் இருந்தன. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24-ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஒரு நாட்டுறவு எங்கே எப்படிக் கீழே இறங்கி ஒரு பெண்ணின் இடுப்பெலும்பில் போய் உட்காருகிறது என்பதற்கு இந்தப் பத்து நாட்களைவிட நல்ல பாடம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்ற ஏற்பாடு அவற்றில் சட்டப்படி இடம்பெற்றுவிட்டது. அன்று சட்டமன்றத்தில் நடந்ததைத் தொழிற்சங்கங்கள் தடுத்தன. எழுத்தாளர்கள்? ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அந்த வாரம் நம் முகநூல் பக்கங்களில் நாம் எதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம் என்று தேடிப் பார்த்தேன். ஒரு விருது பற்றி. நானும் அதில் மூன்று பின்னூட்டங்கள் எழுதியிருக்கிறேன்.

*

தைவான் சிறுகதைகளை ஏன் படிக்கச் சொல்கிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன். அனுதாபத்துக்காக அல்ல. இன்று நாம் நுழையும் அறைக்குள் அவர்கள் அறுபது ஆண்டுக்கு முன்பே நுழைந்து, வாழ்ந்து, எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

1966-இல் தைவானின் தென்கோடித் துறைமுக நகரமான காவோசியுங்கில் ஏற்றுமதி உற்பத்தி மண்டலம் திறக்கப்பட்டது. இன்றைய நம் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு மூத்த அக்கா அது. வரி விலக்கு, அயல் முதலீடு, கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள், எல்லாம் அங்கே ஒத்திகை பார்க்கப்பட்டவை. அப்போது அந்நாட்டில் இராணுவச் சட்டம் இருந்தது. 1987 வரை இருந்தது. வேலை நிறுத்தம் குற்றம். 1973 செப்டம்பர் 3 அன்று காலை, சிஜின் தீவிலிருந்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிவந்த படகு கவிழ்ந்தது. 25 பெண்கள் இறந்தார்கள். அனைவரும் மணமாகாதவர்கள். மணமாகாத பெண்ணுக்குக் குடும்பக் கல்லறையில் இடமில்லை என்பது அங்குள்ள வழக்கம் (நமக்கு இது புரியாத வழக்கமா என்ன). ஆகவே அவர்களை ஒரே இடத்தில் சேர்த்துப் புதைத்து 'இருபத்தைந்து கன்னியர் கல்லறை' என்று பெயரிட்டார்கள். பெண்ணிய அமைப்புகள் பல ஆண்டுகள் வாதாடியபின், 2008-இல் அந்த இடம் உழைக்கும் பெண்களின் நினைவுப் பூங்கா என்று பெயர் மாற்றம் பெற்றது. கன்னி என்பதிலிருந்து உழைப்பாளி என்பதற்கு வர முப்பத்தைந்து ஆண்டுகள்.

அந்த நகரத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர் யாங் ச்சிங்-ச்சு. ஆலைக்குள் இருந்துகொண்டே கதை எழுதினார். 'தொழிற்சாலை மனிதர்' 1975-இல் வந்தது. 'தொழிற்சாலைப் பெண்களின் வட்டம்' 1978-இல். நிரந்தரத் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இடையே உள்ள வேறுபாடு, பதவி உயர்வு மதிப்பீடு, விடுதி, கிராமத்துக்கு அனுப்பும் பணம், விடுமுறை நாளில் பெண்கள் செய்வது, இவைதான் அவர் பொருள். 1979 டிசம்பரின் காவோசியுங் நிகழ்வுக்குப் பிறகு சிறைக்கும் போனார். அவர் கதைகள் சில ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. உருவ அழகில் அவை செக்காவ் இல்லை. சில இடங்களில் அறிக்கை வாசிப்பது போலவும் இருக்கும். நம் விமரிசகர்கள் 'பிரச்சார நெடி' என்று ஒதுக்கக்கூடும். ஆனால் 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகித் தோழிகள் மருத்துவமனையில் கிடக்க, என்ன ஆனார்கள் என்று தெரியாமல், ஆயிரக்கணக்கான ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்களே, அந்த இரவை எழுதக் கூடிய மொழி எது என்று யோசிப்பவனுக்கு யாங் உதவுவார்.

நம்மிடம் மரபு இல்லாமலும் இல்லை. நெசவாளர்க்கு ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' இருக்கிறது, 1953-லிருந்து. திண்டுக்கல் தோல் ஷெட்டுகளுக்கு டி. செல்வராஜின் 'தோல்' இருக்கிறது. 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. தோலுக்கு நாவல் உண்டு. தோல் அல்லாததற்கு? சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவனின் வாழ்க்கை நமக்கு இலக்கியப் பொருளாகப் படுகிறது. பசை வாடையில், குளிரூட்டிய கூடத்தில், சீருடை அணிந்து, தலைக்கு வலைத்தொப்பி போட்டு, நிமிடத்துக்கு இத்தனை என்று அடிப்பாகம் ஒட்டுகிறவளின் வாழ்க்கை படுவதில்லை. அவள் கையில் திறன்பேசி இருக்கிறது, சுரிதார் போட்டிருக்கிறாள், அதனால் அவள் துயரப்படத் தகுதியற்றவள் என்று நம் அழகியல் தீர்மானித்துவிட்டதோ என்னவோ.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மாவட்டத்துக்குள் வரும் ஒப்பந்தங்களின் நிபந்தனைகள், அரசு தரும் சலுகைகள் உட்பட, தமிழில் வெளியிடப்பட வேண்டும். எந்த ஊர் நிலத்தில் ஆலை எழுகிறதோ அந்த ஊர்க்காரன் படித்துப் பார்க்கும் தமிழில். மலைப் பெண்களுக்கு விடுதி வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து உளுந்தூர்பேட்டைக்குத் தினமும் யாரும் வந்து போக முடியாது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும், ஆனால் அந்த விடுதியை நடத்தும் குழுவில் தங்கியிருக்கும் பெண்கள் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் தொழிற்சங்கத்தார் என்று சொல்வீர்கள். கேட்பார்கள். ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பதாவது மொழிக்காரர்களின் வேலையா இல்லையா? செம்மொழி என்று மாநாடு போட்ட நாம், 2,302 கோடி ரூபாய் ஆவணத்தில் அந்த மொழி இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நம் தமிழ்த்துறைப் பாடத்திட்டத்தையும் விடுவதாக இல்லை. அயலகத் தமிழ் என்று ஒரு தாள் வைத்திருக்கிறோம், அது நம்மவர் அங்கே போய் எழுதியது. அயலார் இங்கே வரும்போது நாம் என்ன படிக்க வேண்டும் என்பதற்குத் தாள் இல்லை.

*

நான் வளர்ந்த காலத்தில் தைவான் என்றால் பர்மா பஜார் கைக்கடிகாரம். மட்டமான பொருளுக்கு அடைமொழி அது. இரண்டு ஆண்டுக்கு முன், மூன்றாமாண்டு இளங்கலைத் தமிழ் மாணவி ஒருத்தி, கல்வராயன் மலைக்காரி, வகுப்பு முடிந்து வாசலில் நின்று, "ஐயா, தைவான் எங்கிருக்குது? அங்கத்த ஆளுங்க எப்படிங்கய்யா?" என்று கேட்டாள். அவள் அக்கா திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணு ஆலையில் இருக்கிறாள். அந்த நிறுவனம் தைவானுடையது என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். பட்டப்படிப்பு முடிந்தால் தங்கையும் ஏதாவது ஓர் ஆலைக்குப் போக வேண்டியிருக்கும் என்று வீட்டில் பேச்சு. இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த மிக நேரடியான கேள்விகளில் ஒன்று அது. கைக்கடிகாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சீனத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பதிலின் வெட்கத்தில்தான் யாங் ச்சிங்-ச்சுவைத் தேடிப் பிடித்தேன். இப்போது அவர் கதை ஒன்றை ஆங்கில வழியே தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஆலையில் ஒரு வரிசைப் பெண்களை மேய்க்கும் மேற்பார்வைக்காரிக்கு என்ன சொல்வது? 'அணித்தலைவி' என்று எழுதினேன், சங்க வாடை அடித்தது. 'கண்காணி' என்று எழுதினேன், தேயிலைத் தோட்டம் வந்து நின்றது. அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்து, அக்கா ஆலையில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவள் பக்கத்திலிருந்த அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"லைன் லீடர்னுதாங்கய்யா சொல்லுவாங்களாம். ஆனா அவங்க இல்லாதப்ப வேற பேரு வெச்சிருக்காங்களாம். அதை உங்ககிட்ட சொல்ல முடியாதுன்னு சிரிக்குது."

லைன் லீடர் என்றே வைத்துவிட்டேன். இன்னொரு பெயரையும் எப்படியாவது கேட்டு வாங்க வேண்டும். கதை முடிந்ததும் கூட்டத்தில் வாசிக்க நேரம் கேட்பேன். கவிஞர் கபிலர் குன்றுக்குப் போவதற்கு முன் ஒரு அரை மணி நேரம் போதும்.